கலர் மட்டும் பேசினால் போதுமா?

கன்சோல் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கலர் மேல் அப்படி ஒரு மோகம். எஸ்கேப் குறியீட்டில் 31 போட்டால் எழுத்து சிவப்பு, 32 போட்டால் பச்சை. வேலை முடிந்தால் கோப்பின் பெயர் பச்சையில், சொதப்பினால் அதே பெயர் சிவப்பில். பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது!

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர் என்ன செய்வார்? ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இந்தச் சிக்கல். பேக்கப் தோற்றது தெரியாமல் அவர் மூலக் கோப்பை அழித்துவிட்டால் யார் பொறுப்பு?

0 போட்டால்தான் எழுத்து பழைய நிலைக்குத் திரும்பும். அதை மறந்து, அடுத்தவர் டெர்மினலையே சிவப்பாக்கிவிட்டுப் போகும் புண்ணியவான்களும் உண்டு. வெளியீட்டை ஃபைலில் சேமித்தாலோ, இந்தக் குறியீடுகள் வரிக்கு வரி குப்பையாய் ஒட்டிக்கொள்ளும்.

"எனக்குக் கலர் வேண்டாம்" என்று பயனர் சொல்வதற்காக 'நோ_கலர்' என்ற சூழல் மாறி 2017-லேயே முன்மொழியப்பட்டது. அதைச் சோதிக்க இரண்டு வரி கோடு போதும். அந்த இரண்டு வரிக்குக் கூடவா சோம்பல்?

முதலில் 'தோல்வி' என்று எழுதட்டும், அப்புறம் சிவப்படிக்கட்டும். கலர் ஊறுகாய் மாதிரி. ஊறுகாயே சோறாகிவிடாது!