விளையாட்டு வீட்டில் எத்தனை கடிகாரம்?

சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் மகன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். கம்ப்யூட்டரில் 'தி சிம்ஸ்' விளையாடிக் கொண்டிருந்தவன் திடீரென்று, "சித்தப்பா, இந்த ஆள் விடியற்காலையிலேயே எழுந்துவிட்டான். குளித்துச் சாப்பிட்டு வாசலுக்கு வருவதற்குள் வேலைக்குப் போகும் வண்டி போய்விட்டது. இத்தனை நேரம் என்னதான் செய்தான்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வில் ரைட் என்பவர் வடிவமைத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விளையாட்டு இது. சாதாரண வேகத்தில், நமது ஒரு வினாடி அங்கே ஒரு நிமிடம். ஆகவே 24 நிமிடத்தில் ஒரு நாள் முடிந்துவிடும். அங்குள்ள கடிகாரம் 60 மடங்கு விரைகிறது. ஆனால் அந்த மனிதர்களின் கால்களைக் கவனியுங்கள். அவர்கள் நம்மைப் போலவேதான் நடக்கிறார்கள். வினாடிக்கு ஒன்றரை மீட்டர் நடப்பதாகக் கொண்டால், அவர்கள் கடிகாரப்படி அது நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர். பத்து மீட்டர் தள்ளியுள்ள வாசலை அடைய ஏறத்தாழ ஏழு நிமிடம்! வண்டி போகாமல் என்ன செய்யும்?

மூன்றாவது கடிகாரமும் உண்டு. 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில் மனிதர்களுக்கு வயது ஏறுகிறது. பிறந்த குழந்தை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பள்ளி செல்லும் சிறுவனாகிவிடுகிறது. சுவர்க் கடிகாரம் ஒரு வேகம், கைகால்கள் ஒரு வேகம், வயது வேறொரு வேகம். மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

திரைப்படத்தை 60 மடங்கு விரைவாக ஓட்டினால் இப்படியா நடக்கும்? அதில் சூரியனோடு மனிதனும் சேர்ந்து விரைவான். விழும் கல்லும் விரையும். ஐந்து மீட்டர் விழ ஒரு வினாடி எடுக்கும் கல், ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கிலேயே தரையைத் தொடும். முடுக்கத்தில் காலம் இருமடியாக வருவதால், g-யின் மதிப்பு 3600 மடங்காகத் தோன்றும். பாடப் புத்தகச் சமன்பாட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

விளையாட்டை அமைத்தவர் மீது எனக்குக் குறையில்லை. கைகால்களையும் 60 மடங்கு விரைவாக்கினால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. கடிகாரத்தை நம் வேகத்தில் விட்டால், அந்த ஆள் தூங்கி எழ நாம் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். (என் அண்ணி அதைத்தான் விரும்புவார்!) என் குறை 'சிமுலேஷன்' என்னும் பெயரைப் பற்றியது. விளையாட்டுக்கும் அதே பெயர், புயலின் பாதையைக் கணிக்கும் வேலைக்கும் அதே பெயர்.

புயல் கணிப்பில் காற்றுமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காலத்தையும் சிறு எட்டுகளாக வெட்டுகிறார்கள். காற்று, வெப்பம், நீராவி எல்லாம் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வோர் எட்டின் நீளத்தையும் நம் வசதிப்படி வைத்துக்கொள்ள முடியாது. எளிய கணக்கு முறைகளில், காற்று ஓர் எட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டிவிடக் கூடாது என்பதை 1928இலேயே கூரான்ட், பிரீட்ரிக்ஸ், லூயி ஆகிய கணித அறிஞர்கள் காட்டினர். கட்டம் 10 கிலோமீட்டர், காற்று வினாடிக்கு 100 மீட்டர் என்றால் எட்டு 100 வினாடிக்கு மேல் போகலாகாது. மீறினால் பிழை பெருகி விடைகள் தறிகெட்டுப் போகும். அந்த விடையை நம்பிக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மீனவர் இருக்கிறார். வண்டியைத் தவறவிட்ட பொம்மை மனிதனைப் போல அவர் நாளைக்கு மறுபடி ஆட்டத்தைத் தொடங்க முடியாது.

ஆகவே 'இது சிமுலேஷன்' என்று யாராவது ஒன்றைக் காட்டினால், "இதில் எத்தனை கடிகாரம்?" என்று கேளுங்கள். விளையாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நிறுத்துகடிகாரத்தோடு விளையாடுங்கள் என்கிறேன்.

'மைன்கிராஃப்ட்' வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. அங்கே ஒரு நாள் 20 நிமிடம்; அதாவது சூரியன் 72 மடங்கு விரைகிறது. ஒரு கட்டை ஒரு மீட்டர். 20 கட்டை உயரமுள்ள கோபுரத்திலிருந்து உங்கள் ஆளைக் குதிக்கச் செய்து நேரம் எடுங்கள். நம் பூமியில் அது இரண்டு வினாடி. எல்லாமே 72 மடங்கு விரைந்தால் ஒரு வினாடியின் 36இல் ஒரு பங்கு. உங்களுக்கு இந்த இரண்டுமே கிடைக்காது. கிடைத்த எண்ணிலிருந்து அந்த உலகின் g எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.