தேனீ வீட்டு நாட்காட்டி

சிராங்கூன் சாலையில் பூச்சரம் வாங்கும்போது கவனித்திருப்பீர்கள். பூக்கூடையைச் சுற்றி ஓரிரு தேனீக்கள் ரீங்காரம் செய்யும். இந்த அடுக்குமாடி நகரத்தில் அவற்றுக்கு வீடு ஏது? மரப்பொந்தும் சுவர் இடுக்கும்தான். இதைப் பொந்துத் தேனீ என்பார்கள்.

குளிர்நாட்டுத் தேனீக்களுக்குப் பனிக்காலமே சோதனைக் காலம். ராணியை நடுவில் வைத்துப் பந்துபோல் நெருங்கி, இறக்கைத் தசைகளை நடுக்கிச் சூடு உண்டாக்கி, சேமித்த தேனைத் தின்று காலம் தள்ளும்.

சிங்கப்பூரில் பனி ஏது? இங்கே மழையும் பூவும்தான் நாட்காட்டி. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தேனீ வெளியே போக முடியாது. கையிருப்புத் தேன்தான் சோறு. பிப்ரவரியில் வெயில் ஏறும். வறட்சிக்குப் பின் ஒரு நல்ல மழை பெய்தால், சாலையோர மரங்கள் பூத்துக் குலுங்கும்.

ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது, இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் துளிர்க்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்போருக்கு அதுவே அறுவடைக் காலம்.

தீனி பெருகினால் ராணி இடும் முட்டையும் பெருகும். வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்களே. ஆகவே புதிய கைகள் வந்துகொண்டே இருக்கவேண்டும். வீடு கொள்ளாமல் போனால் பழைய ராணி ஒரு கூட்டத்தோடு வெளியேறும். பழைய வீடு புதிய ராணிக்கு. தீனி அற்றுப்போனாலோ குடும்பம் முழுவதுமே வீட்டைக் காலி செய்துவிடும்.

அப்படிப் புறப்பட்ட கூட்டம்தான் மரக்கிளையிலோ மாடிக் கம்பியிலோ கொத்தாகத் தொங்குகிறது. சில தேனீக்கள் இடம் பார்த்து வந்து, ஆடிக்காட்டித் திசை சொல்லும். பெரும்பாலும் ஓரிரு நாளில் கூட்டம் பறந்துவிடும்.

ஆகையால், கண்டவுடன் பந்தம் கொளுத்தாதீர்கள், கல்லெறியாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வயிறு நிறையத் தேனோடு, காக்கக் கூடும் இல்லாத கூட்டம், சீண்டாதவரை எளிதில் கொட்டாது. வீட்டுக்குள்ளேயே அடை கட்டிவிட்டால் மட்டும், பழகிய ஆட்களை அழையுங்கள்.

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். மூட்டை முடிச்சோடு நிற்கும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் இடம் கொடுக்க மாட்டோமா?