குண்டு போடும் கையும் போர்வை தரும் கையும்

அண்மையில் ஒரு ஜும்ஆவிற்குப் பிறகு பள்ளிவாசல் படியில் நின்று செருப்பைத் தேடிக் கொண்டிருந்தேன். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் வந்து கையைப் பிடித்தார். "ஹஜ்ரத், ஒரு சந்தேகம். ஒரு பக்கம் குண்டு போடுறவனே மறுபக்கம் வந்து போர்வையும் ரொட்டியும் கொடுத்தா அதை வாங்கலாமா? வாங்கிட்டு நன்றி சொல்லலாமா?" அமெரிக்கச் சிப்பாய்கள் எங்கோ நிவாரண மூட்டைகளை இறக்கும் படத்தை அவருடைய மகன் செல்போனில் காட்டியிருக்கிறான். வாப்பாவுக்கும் மகனுக்கும் வீட்டில் வாக்குவாதம்.

"வாங்கலாம், நன்றியும் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பதில் போதாது என்று மனம் உறுத்தியது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை. ரமளான் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. காலை 8.50 மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம். 7.6 ரிக்டர் அளவில் பூமி குலுங்கியது. முஸாஃபராபாத், பாலாகோட், பாக் என்று ஊர் ஊராகச் சரிந்தன. பாகிஸ்தான் பகுதியில் மட்டும் இறந்தவர்கள் 73 ஆயிரத்துக்கும் மேல். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் நமது காஷ்மீரில் சுமார் 1,300 பேர். வகுப்பறைக் கூரைக்கு அடியில் புதைந்த பிள்ளைகளே பல்லாயிரம். மலைச்சாலைகள் எல்லாம் மண்சரிவில் மறைந்து போயின. குளிர்காலமோ வாசலில் நின்றது. வானத்தைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த வானத்தில் இரண்டே நாட்களில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வந்தன. மேலே இரண்டு பெரிய விசிறிகளோடு, பத்து டன் வரை தூக்கக்கூடிய 'சினூக்' என்ற இராட்சத ஹெலிகாப்டர்கள். கூடாரமும் மாவும் கொண்டு போய், எலும்பு முறிந்தவர்களைத் தூக்கி வந்தன. 2006 வசந்தகாலம் வரை இந்தப் பணி நடந்தது. முஸாஃபராபாத்தில் அமெரிக்க இராணுவம் நிறுவிய 212-வது நடமாடும் மருத்துவமனையை 2006 பிப்ரவரியில் பாகிஸ்தானிடமே கொடுத்துவிட்டார்கள். அந்தக் குளிரில் சினூக் பொம்மைகள் பாகிஸ்தான் கடைகளில் நன்றாக விற்றன என்று அமெரிக்க அதிகாரிகள் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு.

சினூக்குகளோடு வந்தவர்களில் ஒரு பகுதியினர் முழுநேரச் சிப்பாய்களே அல்லர். 158-வது விமானப் படைப்பிரிவின் 7-வது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள், அதாவது 'ரிசர்வ்' படையினர். ரிசர்வ் என்றால் என்ன? ஊரில் மெக்கானிக்காகவோ ஆசிரியராகவோ இருப்பவர், மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் ஆண்டில் இரண்டு வாரமும் இராணுவப் பயிற்சிக்குப் போவார். அழைத்தால் சீருடையோடு கிளம்ப வேண்டும். 1908-ல் சுமார் 160 மருத்துவர்களை வைத்துத் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று மருத்துவம், போக்குவரத்து, பொறியியல் போன்ற வேலைகளில் அமெரிக்க இராணுவம் பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பகுதிநேரக்காரர்களைத்தான். ஜெர்மனியில் கைஸர்ஸ்லாட்டர்ன் நகரில் இவர்களுக்கென்று ஒரு தலைமையகமே இருக்கிறது. வெளிநாட்டில் பேரிடர் நேர்ந்தால் அங்குள்ள அரசுக்குத் துணை போவதும் அதன் வேலைகளில் ஒன்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஹெலிகாப்டர்கள் இரண்டே நாளில் எப்படி வந்தன? அமெரிக்காவிலிருந்தா புறப்பட்டன? இல்லை. பக்கத்தில் ஆப்கானிஸ்தானில், பக்ராம் தளத்தில் நின்றன. போருக்காக வந்து நின்றவை அவை. இன்னும் கேளுங்கள். 2011-ன் இறுதியில் புதிய சட்டம் வரும்வரை, சொந்த நாட்டில் புயலோ வெள்ளமோ வந்தாலும் அதற்காக இராணுவ ரிசர்வ் படையினரைக் கட்டாயமாக அழைக்க வழக்கமான சட்டத்தில் இடமில்லை. போருக்கு என்றால் அழைக்கலாம்! ஆக, அந்தப் பகுதிநேரச் சிப்பாய் முஸாஃபராபாத்தின் பிள்ளையைத் தூக்க முடிந்ததே பக்கத்து நாட்டில் போர் நடந்ததால்தான்.

போர் பக்கத்து நாட்டோடு நின்றதா? 2006 ஜனவரி 13. சினூக்குகள் மலைமேல் மூட்டை இறக்கிக் கொண்டிருந்த அதே குளிர்காலம். பாகிஸ்தானின் பஜௌர் பகுதியில் தமாடோலா என்ற சிற்றூரில் அமெரிக்க ஏவுகணைகள் விழுந்தன. பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினெட்டுப் பேர் வரை மாண்டார்கள். தேடப்பட்ட ஆள் அங்கே இல்லை. பாகிஸ்தானில் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்ப்பவர்கள் 2005-ல் நூற்றுக்கு 23 பேர், 2006-ல் 27 பேர், 2007-ல் 15 பேர் என்று ப்யூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனமே கணக்குக் கொடுத்தது. ஏன் குறைந்தது என்று வாஷிங்டனில் தலையைச் சொறிந்தார்களாம். தமாடோலாவில் போய்க் கேட்டிருந்தால் ஒரு கிழவி சொல்லியிருப்பாள்.

அதைவிடப் பெரிய துரோகம் பிறகு நடந்தது. 2011-ல் அபோதாபாத்தில் பின்லாடனைத் தேடுவதற்காக அமெரிக்க உளவுத்துறை ஒரு மருத்துவரைப் பிடித்துத் தடுப்பூசி முகாம் என்று நாடகம் போட்டது. விளைவு? போலியோ சொட்டு மருந்தோடு வருபவரும் உளவாளிதான் என்ற பேச்சுக்கு அது தீனி போட்டது. 2012 டிசம்பரிலிருந்து சொட்டு மருந்துப் பணியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பலர் ஏழைப் பெண்கள். கொன்றவர்களின் பாவம் கொன்றவர்கள் தலையில்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் நிவாரணத்தின் உடுப்பை உளவுக்கு உடுத்தியவர்களுக்கும் பங்கு உண்டு. இனி அப்படிச் செய்யமாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014-ல் எழுதிக் கொடுத்தது. இறந்தவர்களுக்கு அது எதற்கு?

அப்படியானால் அந்த ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா? நம்மில் சில இளைஞர்கள் அப்படித்தான் வீரம் பேசுகிறார்கள். பனியில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்! அந்த விமானி தன் தொழிலை விட்டு, குடும்பத்தை விட்டு வந்து ஒரு உயிரைத் தூக்கினான். அவனுக்கு நன்றி சொல்வது நமது மார்க்கக் கடமை. அவனை அனுப்பிய அரசை நீதியின் முன் நிறுத்திக் கேள்வி கேட்பதும் கடமைதான். நன்றி சொன்னதால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த நூலில் இருக்கிறது? வாப்பா சொன்னதும் சரி, மகன் சொன்னதும் சரி. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுப்பதுதான் தவறு.

நமக்கு உறைக்க வேண்டியது வேறொன்று. மலைக்கு இந்தப் பக்கம் இந்திய ஹெலிகாப்டர்கள் நின்றன. டெல்லி தருவதாகச் சொன்னது. விமானிகள் வேண்டாம், ஹெலிகாப்டர் மட்டும் போதும் என்றது இஸ்லாமாபாத். விமானி இல்லாமல் தரமாட்டோம் என்றது டெல்லி. கூப்பிடு தூரத்தில் இருந்தவை நின்ற இடத்திலேயே நின்றன, கடல்கடந்த நாட்டின் படை வந்து தூக்கியது. வளைகுடா நாடுகள் பணத்தைத் தாராளமாகவே கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் அழைத்த மறுநாள் கிளம்பும் பழகிய கைகள் பணத்தால் ஒரே நாளில் உண்டாவதில்லை.

துப்பாக்கி இல்லாமலும் இந்த வேலை நடக்கும் என்று காட்டியது ஒரு சின்ன நாடு. கியூபா! 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது, மருத்துவர்களைத் திரட்டி உங்களுக்கு உதவ வருகிறோம் என்றது. அமெரிக்கா ஏற்கவில்லை. அக்டோபரில் பூகம்பம். திரட்டிய அணி பாகிஸ்தானுக்குப் போனது. ஏறத்தாழ 2,400 மருத்துவப் பணியாளர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட தற்காலிக மருத்துவமனைகள். கரும்புத் தீவிலிருந்து வந்தவர்கள் பனிமலையில் கூடாரம் அடித்து 2006 மே வரை இருந்தார்கள். அணியில் பெண் மருத்துவர்கள் ஏராளம். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசிய நமது சகோதரிகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! கியூபாவும் தன் பெயருக்காகத்தான் செய்தது என்பார்கள். இருக்கட்டும். அதன் ஏவுகணை எதுவும் பாகிஸ்தானின் எந்தக் கிராமத்திலும் விழவில்லையே.

நம்மிடம் மனம் இல்லாமல் இல்லை. 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவ மக்களுக்கு இடம் கொடுத்துச் சோறு போட்டதை நாடே பார்த்தது. மனம் உண்டு, பயிற்சிதான் இல்லை. இடிந்த சுவருக்கு அடியில் கிடப்பவரை எப்படி இழுப்பது என்று தெரியாமல் இழுத்தால் முதுகெலும்பு போய்விடும். வெள்ளத்தில் குதிக்கும் இளைஞனுக்குக் கயிறு கட்டத் தெரியவில்லை என்றால் இரண்டு ஜனாஸா. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 'ஆப்த மித்ரா' என்று ஒரு திட்டம் போட்டு, ஒரு லட்சம் தொண்டர்களைப் பழக்குவதென்று இறங்கியது. நமது மஹல்லா பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் பெயர் கொடுத்தார்கள்?

அமெரிக்க ரிசர்வ் முறையில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. 1994-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ரிசர்வ் பணிக்குப் போய்த் திரும்பும் ஊழியருக்கு முதலாளி அதே வேலையைக் கொடுத்தாக வேண்டும், அவர் இல்லாத காலத்தைக் காரணம் காட்டி நீக்க முடியாது. ஆள் கிளம்ப முடிவது அவருக்குப் பின்னால் கடை திறந்திருப்பதால்தான்.

இதையெல்லாம் அடுத்த வாரம் அந்த ஹார்டுவேர் சகோதரரிடம் சொன்னேன். கடையில் வேலை செய்யும் நான்கு பையன்களையும் மாதம் ஒரு ஞாயிறு முதலுதவிப் பயிற்சிக்குச் சம்பளத்தோடு விடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நாலு பேரையும் ஒரே ஞாயித்துக்கிழமை கேக்காதீங்க ஹஜ்ரத். ரெண்டு ரெண்டு பேரா அனுப்புறேன்" என்றார்.