நாற்றைப் பிடுங்கும் காலம்

விளையும் பயிரை முளையிலே தெரியும் என்பார்கள். முளை நன்றாகத் தெரிந்துவிட்டால் அதைப் பிடுங்கிச் செல்லப் பலரும் வருவார்கள் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினைந்து வயதுப் பையன் ஒருவன். உதைபந்தாட்டத்தில் வயதை மீறிய வல்லமை. அவனுடைய ஊர்க் கழகமோ சிறியது. பெரிய கழகங்கள் ஆளனுப்பி அவனுடைய ஆட்டத்தைப் பார்க்கின்றன. பின்னர் தகப்பனோடு பேச்சுக் கொடுக்கின்றன. அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? அவனை வளர்த்த கழகம் என்ன செய்ய வேண்டும்? பிள்ளைகளை வளர்க்கும் எல்லோருக்கும் உரிய கேள்வி இது. ஆகவே, உலகம் அறிந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு இதைச் சிந்திப்போம்.

நோர்வே நாட்டில் திறாமன் என்ற நகரில் 1998 டிசம்பர் 17ஆம் திகதி பிறந்தவர் மார்ட்டின் ஒடேகார்ட். தகப்பனும் முன்னாள் உதைபந்தாட்ட வீரர், பயிற்றுநர். பையன் முதலில் விளையாடியது குடியிருப்புப் பகுதியின் சிறு கழகமொன்றில். அங்கிருந்த சரளைக்கல் மைதானத்துக்குச் செயற்கைப் புல் விரித்தபோது, பணம் போட்டவர்களுள் அவனுடைய பெற்றோரும் இருந்தனர். பின்னர் அதே நகரின் ஸ்ட்ரம்ஸ்கொட்செற் கழகத்தில் சேர்ந்தான். 2014 ஏப்ரலில், 15 வயதில், நாட்டின் முதற்தரப் போட்டியில் இறங்கினான். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் தேசிய அணிக்கும் ஆடினான். அந்த வயதில் அவ்வணிக்கு ஆடியவர் அதுவரை எவருமில்லை.

பிறகென்ன? ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் வாசலில் வந்து நின்றன. தகப்பனும் மகனுமாகப் பல கழகங்களுக்கு நேரில் சென்று பார்த்தார்கள். 2015 ஜனவரியில், பதினாறு வயது நிறைந்து ஒரு மாதம் கடந்த நிலையில், ஸ்பெயினின் றியல் மட்றிட் கழகத்தோடு ஒப்பந்தமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் கிறிஸ்தியானோ றொனால்டோ வெளியேற, அவருக்குப் பதிலாக ஒடேகார்ட் களமிறங்கினார். அக்கழகத்தின் முதல் அணிக்கு ஆடியவர்களுள் வயதிற் குறைந்தவர் என்ற பெயரும் கிடைத்தது.

கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால், "பார்த்தீர்களா, வாய்ப்பு வந்ததும் பிடித்துக்கொண்டான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அடுத்துவந்த ஆண்டுகளையும் நாம் பார்க்க வேண்டும். அவர் பயிற்சி பெற்றது பெரிய அணியோடு. ஆடியதோ மூன்றாந்தரப் போட்டியில் இருந்த இரண்டாம் அணியோடு. முழுமையாக எங்கும் வேரூன்ற முடியாத நிலை அது. அற்புதச் சிறுவன் என்று புகழ்ந்த பத்திரிகைகளே, இவன் அவ்வளவுதான் என்று எழுதத் தொடங்கின. அப்போது அவருக்கு வயது பதினெட்டுக்கூட ஆகவில்லை.

2017இல் அவர் இரவல் வீரராக நெதர்லாந்துக்குப் போனார். முதலில் ஹீரன்வீன், பிறகு விற்றெஸ் என்று, பெரும் பெயரில்லாத இரு கழகங்களில் ஆடினார். அதன்பின் ஸ்பெயினின் றியல் சொசியதாத். இங்கெல்லாம் வாராவாரம் களத்தில் நின்று ஆடினார். 2021இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அவரை வாங்கியது. 2022இல் அக்கழகத்தின் தலைவரானார். பதினாறு வயதில் வந்த அழைப்புக்கும் தானாக ஓரிடத்தில் வேர்விட்டு நின்றதற்கும் இடையில் ஆறு ஆண்டுகள் சென்றன.

விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாற்றுமேடையில் செழித்து நிற்கும் மிளகாய்க் கன்றை நேரத்துக்கு முன் பிடுங்கி நட்டால், மண் எவ்வளவு நல்லதாயினும் அது சில காலம் வாடியே நிற்கும். நிழலும் தண்ணீரும் கிடைத்தால் தப்பும், இல்லாவிட்டால் பட்டுப்போகும். ஒடேகார்ட் தப்பியதற்கு இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம். ஒன்று, தகப்பன் உடன் சென்று அருகில் இருந்தமை. மற்றது, பெரிய பெயரை விட்டுச் சிறிய கழகத்துக்கு இறங்கிப்போய் ஆட அவர் வெட்கப்படாமை.

இந்த நிழல் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கானாவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர் பிரெடி அடு. 2004இல், 14 வயதில், அந்நாட்டின் தொழில்முறைக் கழகமொன்றுக்கு ஆடத் தொடங்கினார். அடுத்த பெலே இவர்தான் என்றார்கள். விளம்பரத்தில் பெலேயின் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். 2007இல் போர்த்துக்கலின் பென்பிக்கா கழகம் அவரை வாங்கியது. அதன்பின் பிரான்ஸ், கிரேக்கம், துருக்கி, பிரேசில், சேர்பியா, பின்லாந்து என்று நாடு நாடாகப் போனார்; எங்கும் நிலைக்கவில்லை. குறை அந்தப் பிள்ளையிடத்தில் மட்டும் இருந்ததாக நாம் கருதவில்லை. பதினான்கு வயதுத் தோளில் அவ்வளவு பாரத்தை ஏற்றியவர்களும் பதில் சொல்லவேண்டும்.

இத்தகைய கேடுகளைக் கண்டே, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா 2001இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குட்பட்ட வீரரை நாடுவிட்டு நாடு மாற்றக்கூடாது என்பதே அது. சில விலக்குகள் உண்டு. உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோர் இடம்மாறியிருந்தால் பிள்ளையும் அங்கே ஆடலாம். ஐரோப்பிய நாடுகளுக்குள் 16 வயதிலிருந்து மாறலாம். ஆனால் வாங்கும் கழகம் அவனுடைய படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒடேகார்ட்டின் ஒப்பந்தம் பதினாறு நிறைந்தபின் நடந்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும். பெரியவர்களும் இவ்விதியை மீறாமலில்லை. வெளிநாட்டுச் சிறுவர்களை விதிக்கு மாறாகச் சேர்த்ததற்காக 2014இல் பார்சிலோனா கழகமே தண்டிக்கப்பட்டது. புதிய வீரர்களைச் சேர்க்க அதற்குத் தடை விதிக்கப்பட்டது.

விதியால் மட்டும் எல்லாம் நின்றுவிடவில்லை. ஆபிரிக்காவின் ஏழைக் குடும்பங்களிடம் போலி முகவர்கள் சென்று, "உங்கள் மகனை ஐரோப்பாவின் பெரிய கழகத்தில் சேர்த்துவிடுகிறோம்" என்று காசு வாங்குவார்கள். பெற்றோர் கடன்படுவார்கள், உள்ளதை விற்பார்கள். பையன் அந்நிய நகரமொன்றில் கைவிடப்படுவான். இப்படிக் கைவிடப்பட்டவர்களுக்கு உதவவென்றே, கமரூன் நாட்டின் முன்னாள் வீரர் ஒருவர் 2000ஆம் ஆண்டளவில் பாரிசில் ஒரு சங்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. காணியை ஈடுவைத்து முகவருக்குக் காசு கட்டிய கதைகள் எமது வாசகர்களுக்குப் புதியவையல்ல. ஒன்றை உறுதியாகச் சொல்வோம்: பிள்ளையை உண்மையில் விரும்பும் கழகம் பெற்றோரிடம் காசு கேட்காது. காசு கேட்பவன் கழகத்திலிருந்து வந்தவனல்லன்.

இனி, வளர்த்த கழகத்தின் பங்குக்கு வருவோம். நாற்றை வளர்த்தவனுக்கு விளைச்சலில் ஒன்றுமில்லையா? உண்டு. ஒரு வீரர் பிற்காலத்தில் நாடுவிட்டு நாடு பணத்துக்கு மாறும்போது, அப்பணத்தில் 5 வீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பது பீபாவின் விதி. 12 முதல் 15 வயதுவரை ஆண்டொன்றுக்கு 0.25 வீதம், அதன்பின் ஆண்டொன்றுக்கு 0.5 வீதம். நான்கு ஆண்டுகள் சிறுவனாக வைத்துப் பயிற்றுவித்த ஊர்க் கழகத்துக்கு, பிற்காலத்தில் கைமாறும் ஒவ்வொரு கோடி ரூபாவிலும் ஓர் இலட்சம் வரும். ஒரு மைதானத்தைத் திருத்தவும் பல சோடிச் சப்பாத்து வாங்கவும் அது போதும்.

ஆனால் இந்தப் பங்கு பதிவு இல்லாமல் வீடு தேடி வருவதில்லை. கழகம் முறைப்படி பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். பையன் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை அங்கே ஆடினான் என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். இடம்பெயரும்போது முதலில் தொலைவது கடதாசிகள்தாம் என்பதை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் வயதை அடுத்தவன் எழுதுவான்; பெயர்ப்புத்தகம் இல்லாத கழகத்தின் உழைப்பை அடுத்தவன் எடுத்துக்கொள்வான்.

"வாய்ப்பு ஒருமுறைதான் வரும், விட்டால் போய்விடும்" என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. வறுமைப்பட்ட வீட்டுக்கு அது பெரிய உண்மை. வந்த அழைப்பை மறுத்த தகப்பனை மகன் பின்னாளில் நொந்துகொள்ளவும் கூடும். எனினும் மறுபக்கத்தையும் பாருங்கள். இங்கிலாந்தின் ஜேமி வார்டி, 16 வயதில் ஒரு பெரிய கழகத்தால் வேண்டாமென்று விடப்பட்டவர். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு சிறு கழகங்களில் ஆடினார். 25 வயதில், 2012இல், லெஸ்ரர் சிற்றி அவரை வாங்கியது. 2016இல் அக்கழகம் இங்கிலாந்தின் முதற்தரக் கிண்ணத்தை வென்றது. பிந்தி நட்ட பயிரும் சில வேளை நன்றாக விளையும்.

ஆகவே, போகவே விடாதீர்கள் என்பது எமது கருத்தல்ல. போகுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்கிறோம். அங்கே அவன் உண்மையில் ஆடுவானா, அல்லது வாங்கில் இருந்து பார்ப்பானா? கால் முறிந்தால், ஆட்டம் சரிவராவிட்டால், திரும்பிப் பிடிக்கப் படிப்பு ஏதும் கையில் இருக்குமா? முதல் ஆண்டில் அவன் பக்கத்தில் இருக்கப்போகும் சொந்தம் யார்? இம்மூன்றுக்கும் எழுத்தில் மறுமொழி தரும் கழகத்தோடு பேசலாம். வாயால் மட்டும் சொல்பவரிடம், அடுத்த முறை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கழகம் நடத்தும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று மாலை மைதானத்துக்குப் போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். அந்தக் கொப்பியில் உள்ள எல்லோரும் ஒடேகார்ட் ஆகப்போவதில்லை. ஒருவனேனும் ஆகும் நாளில், அவனை வளர்த்தது யார் என்று சொல்ல அது இருக்கும்.