'நல்வரவு' என்று எழுதினால் போதுமா?

என்னிடம் படித்த பிள்ளைகளே, சொந்தபந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அருப்புக்கோட்டையில் இப்போது கட்டும் புது வீடுகளின் வாசலைப் பாருங்கள். ஆள் உயரச் சுவர், ஸ்டீல் கேட், வழுவழு கிரானைட் படி, மேலே கேமரா. மிதியடியில் 'நல்வரவு', கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை'. வருகிறவன் எதை நம்புவது?

நம்முடையது வெயில் பூமி. திண்ணை என்பது வீட்டுக்காரனுக்கு மட்டுமல்ல, வழிப்போக்கனுக்கும் கட்டிய நிழல். நெசவாளர் தெருக்களில் பாவு நீட்டிய களைப்பில் உட்கார்ந்ததும், பெண்கள் மல்லிகை தொடுத்ததும், அந்தக் காலத்துப் பிள்ளைகள் அ, ஆ படித்ததும் திண்ணையில்தான். ரமணர் 1879-இல் பிறந்த வீடு திருச்சுழியில் இருக்கிறது. அவருடைய தந்தை சுந்தரமய்யர் வீட்டில், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகள் வேறு வீடு கிடைக்கும்வரை தங்குவார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது வாசல்!

"சார், அந்தத் திண்ணையில் எல்லாரையும் உட்கார விட்டார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடவில்லை. சாதி பார்த்துத் தெருவிலேயே நிற்க வைத்த திண்ணைகள் ஏராளம். அந்தத் திண்ணை எனக்கு வேண்டாம். யார் வந்தாலும் உட்காரும் திண்ணையைக் கேட்கிறேன். அன்று சிலரை வெளியே நிறுத்தினோம், இன்று எல்லாரையும் நிறுத்துகிறோம். இதற்குப் பெயர் முன்னேற்றமா?

"திருட்டுப் பயம் சார்." பூட்டு போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உயரமான சுவர் திருடனையும்தான் மறைக்கிறது. பூட்டிய கேட்டைவிட, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் பாட்டி நல்ல காவல்.

"ரோடு உயர்ந்துவிட்டது, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது." இது உண்மையான காரணம். பழைய ரோட்டின் மேலேயே தார் போட்டுப் போட்டுத்தான் பல திண்ணைகள் மண்ணோடு மண்ணாயின. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போடும்போது அதைக் கேளுங்கள். கேட்காமல் நாலடி மேடு கட்டி, வாறுகாலையும் மூடிப் படியைத் தெருவில் நீட்டினால், தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள்தான் போகும்.

வெளியூரிலிருந்து பணம் அனுப்பி அப்பா அம்மாவுக்கு வீடு கட்டும் பிள்ளைகளே, ஒரு கணக்கு. சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதைக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். நாலடி மேட்டுக்கு எவ்வளவு? நாற்பத்தெட்டு அடி! உங்கள் மனையே அவ்வளவு இருக்காது. எழுபது வயதில் அந்தக் கிரானைட் படியில் இறங்கப் பயந்து அவர்கள் டிவி முன்னாலேயே கிடப்பார்கள். போகிற வருகிறவர்கள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கவும் கேட் விடாது. நீங்கள் கட்டியது வீடா, லாக்கரா?

பெரிய செலவு இல்லை. சொரசொரப்பான படி, அதுவும் ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு பேர் உட்காரத் திண்ணை, அதற்கு மேல் நிழல். ஒரு வேப்பங்கன்று. கோடையில் ஒரு பானைத் தண்ணீர். இவ்வளவுதான். பிளான் போடும்போதே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். எழுத்துப்பிழை மட்டும் கூடாது!