பேரு பாண்டு... சர்வீஸ் பாண்டு!

கேம்பஸில் செலக்ட் ஆன ராத்திரி ஹாஸ்டலில் என்ன நடக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம். தோளில் தூக்கி ஒரு ரவுண்டு, மெஸ் வாசலில் கூச்சல், அம்மாவுக்கு போன், அப்புறம் புரோட்டா - சால்னா ட்ரீட்! நான் ஃபர்ஸ்ட் இயர் படித்தபோது எங்க சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு இதெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. கொஞ்ச நாள் கழித்து கம்பெனியிலிருந்து பதினாலு பக்கத்தில் ஒப்பந்தம் வந்தது. கடைசிப் பக்கத்தில் அண்ணன் கையெழுத்து, பக்கத்திலேயே அப்பா கையெழுத்து. முன்னாடி இருந்த பதிமூணு பக்கத்தை யாருமே படிக்கலை.

பத்தாவது பக்கத்தில்தான் நம்ம ஹீரோ உட்கார்ந்திருந்தார். ஜேம்ஸ் பாண்டுக்குத் துப்பாக்கி, இந்தப் பாண்டுக்கு ஸ்டாம்ப் பேப்பர்! ரெண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் ஒன்றரை லட்சம் கட்டணும். அண்ணன் கட்டலைன்னா ஜாமீன் போட்ட அப்பா கட்டணும். சேருகிற அன்னிக்கே ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் ஹெச்.ஆர். கையில் கொடுத்துடணும்.

எட்டாவது மாசம் அப்பாவுக்கு உடம்பு முடியலை. ஊர்ப்பக்கமே ஒரு வேலை கிடைத்தது. அண்ணன் ராஜினாமா கொடுக்கப் போனார். ''ஒன்றரை லட்சத்தைக் கட்டிட்டு சர்ட்டிஃபிகேட்டை வாங்கிட்டுப் போங்க தம்பி'' என்றார்களாம், சிரித்த முகத்தோடு.

விஷயம் தெரிந்ததும் டீக்கடை பெஞ்ச்சில் ரெண்டு கட்சி. ''பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது மச்சி, சும்மா பூச்சாண்டி!'' - இது ஆளுங்கட்சி. ''கையெழுத்துப் போட்டாச்சுல்ல... அடிமை சாசனம்டா அது'' - இது எதிர்க்கட்சி. லா காலேஜ் தோழி ஒருத்தியைப் பிடித்து, தீர்ப்புகளைத் தேடிப் படித்துப் பார்த்ததில் ரெண்டு கட்சிக்குமே டெபாசிட் காலி!

முதலில் ஆளுங்கட்சிக்குச் சாதகமான சமாச்சாரம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் 27-வது பிரிவு, ஒருத்தரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாதுன்னு சொல்லுது. இதில் மாட்டி ஜெயித்தவர் யார் தெரியுமா? நம்ம ஜாகீர் கான்! அவருடைய விளம்பர வேலைகளைப் பார்த்துக்கொண்ட கம்பெனியோடு 2000-ல் மூணு வருஷ ஒப்பந்தம். அது முடிந்த பிறகும், வேற கம்பெனி ஆஃபர் கொடுத்தால் முதலில் எங்ககிட்ட காட்டணும், அதே தொகையை நாங்க கொடுத்தால் எங்களோடுதான் இருக்கணும்னு ஒரு கண்டிஷன். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு செல்லாதுன்னு 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆக, வேலையை விட்ட பிறகு ரெண்டு வருஷம் போட்டி கம்பெனியில் சேரக் கூடாதுன்னு உங்க ஒப்பந்தத்தில் இருந்தால் உடனே தூக்கத்தைத் தொலைக்க வேணாம். (அதுக்காக கம்பெனி ரகசியத்தை பென் டிரைவில் அள்ளிட்டுப் போகாதீங்க பாஸ், அது வேற கேஸ்!)

ஆனால், வேலையில் இருக்கும்போதே பாதியில் கழன்று கொண்டால்? கதையே வேற. விஜயா வங்கியில் ஒருத்தர் 2007-ல் சீனியர் மேனேஜராகச் சேர்ந்தார். மூணு வருஷத்துக்குள் போனால் ரெண்டு லட்சம்னு பாண்டு. 2009-ல் வேறொரு வங்கிக்குக் கிளம்பினார். எதிர்ப்பைத் தெரிவித்தபடியே பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக ஹைகோர்ட் அவர் பக்கம் நின்றது. ஆனால், 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, 'பாண்டு செல்லும்'னு சொல்லிடுச்சு. குறைந்தபட்சம் இத்தனை வருஷம் இருன்னு சொல்வது தொழிலைத் தடுப்பது ஆகாதாம். அரசு வங்கி ஒரு ஆளைத் திடீர்னு பிடித்துப் போட முடியாது, விளம்பரம் கொடுத்து, எல்லோரையும் போட்டியிட விட்டுத்தான் எடுக்கணும், அதுக்குச் செலவு இருக்கு. அவர் வாங்கிய சம்பளத்துக்கு ரெண்டு லட்சம் அநியாயத் தொகையும் இல்லை. இதுதான் கோர்ட் சொன்ன காரணம்.

கவனிங்க, அவர் சீனியர் மேனேஜர். அதே லாஜிக் ஒரு ஃப்ரெஷருக்கு அப்படியே பொருந்துமா? இங்கேதான் 74-வது பிரிவு வருது. ஒப்பந்தத்தில் எழுதின தொகை உச்ச வரம்புதான். அதுக்குள் எது நியாயமான இழப்பீடோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும். நமக்கு டிரெய்னிங் கொடுக்க கம்பெனி நிஜமா என்ன செலவு பண்ணுச்சுன்னு கேள்வி வரும். எங்க அண்ணனுக்குக் கிடைத்த டிரெய்னிங் என்ன தெரியுமா? ரெண்டு வாரம் வீடியோ பார்த்தது, பக்கத்து சீட்காரரிடம் பாஸ்வேர்டு கேட்டது!

இன்னொண்ணு. கம்பெனி காசு கேட்கலாம். ஆனால், 'அதே நாற்காலியில் வந்து உட்கார்'னு கோர்ட் நம்மைக் கட்டாயப்படுத்தாது. சர்ட்டிஃபிகேட்டும் அப்படித்தான். சரிபார்க்கணும்னா பார்த்துட்டு, ஜெராக்ஸை வெச்சுக்கிட்டு கையில் கொடுக்கட்டுமே... எதுக்கு பீரோவில் பூட்டணும்? அது என்ன அடகு நகையா? ஃபீஸ் பாக்கிக்காக சர்ட்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்த காலேஜ்களையே 'திருப்பிக் கொடு'ன்னு கோர்ட்டுகள் குட்டியிருக்கு.

எனக்கு உறுத்தியது அந்த ஜாமீன் கையெழுத்துதான். சட்டப்படி ஜாமீன்தாரருக்கும் நமக்கு இருக்கிற அதே பொறுப்பு உண்டு. நம்மகிட்ட கேட்டுட்டுத்தான் அப்பாகிட்ட போகணும்னுகூட இல்லை. நம்ம பொறுமை எத்தனை மாசம் தாங்கும்னு நமக்கே தெரியாது. அதுக்கு ஒரு ரிட்டயர்மென்ட் பணத்தை எழுதிக் கொடுத்துட்டு வர்றோம். ப்ரீ-பிளேஸ்மென்ட் டாக்கில் 'கேன்டீன் இருக்கா, கேப் வருமா'ன்னு கேட்கிற வாய், 'பாண்டு எவ்வளவு, ஜாமீன் யாரு'ன்னும் கேட்கலாமே? தனியா கேட்கக் கூச்சமா இருந்தால் பிளேஸ்மென்ட் ஆபீஸர் மூலமாகக் கேளுங்க. கையெழுத்துப் போட்டதும் ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க. எங்க அண்ணன் கையில் அதுகூட இல்லை. தன் ஒப்பந்தத்தைத் தானே படிக்க கம்பெனிக்கு மூணு மெயில் அனுப்ப வேண்டியதாகிடுச்சு!

கடைசியில் வக்கீல் நோட்டீஸ் போய், நாலு தடவை பேசி, நாற்பதாயிரத்தில் முடிந்தது. சர்ட்டிஃபிகேட் கூரியரில் வந்தது. கவரைப் பிரித்துப் பார்த்த அப்பா அண்ணனிடம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம்... ''அன்னிக்கு என்கிட்ட கையெழுத்து வாங்கினப்போ, 'அட்ரஸ் ப்ரூஃபுக்குப்பா'ன்னுதானே சொன்னே?''