தேதி சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாகும்



சிட்டையும் பேரேடும் இருந்த காலத்தில், ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டோம் என்று விரல் வைத்து எண்ணினோம். இன்று எக்செல் எண்ணிச் சொல்கிறது. அதை அப்படியே நம்பலாமா?

2024 ஏப்ரல் மாதக் கணக்கு முடிக்கையில், எங்கள் மண்டியில் 5ஆம் தேதிக்கு 43 பில் என்று கணினி காட்டியது. பில் புத்தகத்திலோ 1201 முதல் 1261 வரை, 61 பில். மீதி 18 எங்கே? கணக்கு எழுதும் தம்பியைச் சந்தேகித்து நாலு வார்த்தை கடிந்தும் பேசிவிட்டோம். அவர் மீது தவறே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. 5-4-2024 என்பது அதற்கு 45387. அதையே 05.04.2024 என்று புள்ளி வைத்து எழுதினால், நம் கணினிகளில் பெரும்பாலும் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். அப்படி 11 பில். பில் மெஷினிலிருந்து எடுத்த 7 பில்களில் தேதியோடு நேரமும் இருந்தது. மாலை 6 மணி பில் 45387.75 ஆகிவிடுவதால், ‘இந்தத் தேதிக்குச் சமம்’ என்று தேடும் கவுன்ட்இஃப் ஃபார்முலாவில் அது சிக்காது.

பரிகாரம் எளிது. புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட வேண்டும். ‘சமம்’ என்பதை விட்டு, கவுன்ட்இஃப்ஸ் ஃபார்முலாவில் ‘அந்தத் தேதி முதல், மறுநாளுக்கு முன்பு வரை’ என்று இரண்டு நிபந்தனை கொடுக்க வேண்டும். கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வைத்திருந்தால் 5-4 என்பது மே 4 ஆகிவிடும். அதையும் பார்த்து மாற்ற வேண்டும்.

இது சின்ன விஷயமல்ல. ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் பில்களின் தொடக்க எண், கடைசி எண், மொத்தம், ரத்தானவை எல்லாம் கேட்கிறார்கள். இதே தவறு விற்பனைத் தொகையைக் கூட்டும் ஃபார்முலாவில் இருந்தால் வரியும் குறையும். பிறகு வட்டியோடு கட்ட வேண்டியது நாம்தான்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். கணினி இருந்தாலும், கடைசி பில் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டி, தினமும் ஒத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் முதலில் தேதியைப் பாருங்கள், ஆளைச் சந்தேகிக்காதீர்கள். அந்தத் தம்பியிடம் நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.